கதவைத் திறக்காதீங்க சார்

தீயணைப்பு வேலையில் முப்பத்தோரு வருடம் இருந்தேன். கடைசி ஒன்பது வருடம், நீங்கள் இப்போது சேர்ந்திருக்கும் இதே நிலையத்துக்கு அலுவலர். இந்த மலையில் நெருப்பைவிட மண்ணும் மரமும்தான் நமக்கு அதிக வேலை வைக்கும் என்று பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். முடிச்சு போடுவது, ஏணி சாய்ப்பது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் அவற்றை விட்டுவிட்டு, நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். யாரும் சாகவில்லை, பயப்படாமல் படிக்கலாம். சிரிக்கவும் இடம் உண்டு. ஆனாலும் தப்பு தப்புதான். அதை இன்னொருவர் வாயால் நீங்கள் கேட்பதைவிட நானே சொல்வது நல்லது.

அப்போது நிலையத்தில் நாங்கள் பதினேழு பேர். அதில் ஒருவர் எபநேசர். எபி என்றுதான் கூப்பிடுவோம். சர்ச்சில் பாடுகிறவர், குரல் மெல்லியது, நடந்தால் கை கொஞ்சம் வீசி ஆடும். காலி கேன்களை வெட்டி, நிலையத்து வாசலில் ரோஜா வளர்த்தார். எங்கள் நாய் லாரியில் அடிபட்டுச் செத்த அன்று சாப்பாட்டைத் தொடாமல் அழுதார். இது போதாதா? எபி ‘அந்த மாதிரி’ ஆள் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். அவருக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தது எங்கள் முடிவை அசைக்கவில்லை. டிரில்லில் அவர் ஏணி ஏறும்போது கீழிருந்து யாராவது, “பாத்துங்க, வளையல் உடைஞ்சுரப் போகுது” என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அதிகாரி சிரித்தால் அது மற்றவர்களுக்கு அனுமதி மாதிரி. அது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது.

இன்னொருவர் யோகராஜ். பந்தலூர்க்காரர். அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, இங்கே மறுபடியும் கொழுந்து பறித்து அவரைப் படிக்க வைத்தார்கள். ஆறடி உயரம், தேக்கு மாதிரி உடம்பு, முறுக்கு மீசை. கயிறு இழுக்கும் போட்டியில் அவர் கடைசி ஆளாகக் காலை ஊன்றிவிட்டால் எதிரணி சறுக்கிக்கொண்டே நம் பக்கம் வந்து சேரும். பள்ளத்தில் யாராவது இறங்க வேண்டும் என்றால் முதல் கயிறு எப்போதும் அவருக்குத்தான். ஆய்வுக்கு வரும் பெரிய அதிகாரிகளிடம், “ஆம்பளைன்னா இவன்தானுங்க” என்று நானே அவர் தோளைத் தட்டிக் காட்டியிருக்கிறேன்.

மழை தொடங்கிய ஒரு வாரத்தில் யோகராஜ் மூன்று நாள் லீவு கேட்டு என் அறைக்கு வந்தார். நெருங்கிய உறவினருக்கு அறுவை சிகிச்சை என்று எழுதியிருந்தது. மழைக்காலத்தில் ஆள் குறைந்தால் சிரமம், அதனால் யாருக்கு என்று கேட்டேன்.

கிருபா என்று ஒருவர், எமரால்டு ஊரில் கேரட் பயிர் போடுகிறவர், குடல்வால் ஆபரேஷன் என்றார். அவர் உனக்கு என்ன வேண்டும் என்றேன். யோகராஜ் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“ஆறு வருஷமா ஒரே ஊட்டுல ஒண்ணா வாழறோமுங்க சார். எம் பொண்டாட்டிக்கு ஆபரேஷன்னு எழுதியிருந்தா நீங்க இவ்வளவு கேட்டிருக்க மாட்டீங்க. இதுவும் அப்படித்தானுங்க.”

எனக்குப் புரிய சற்று நேரம் ஆனது. புரிந்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. “ஆனா நீ எபி மாதிரி இல்லையேப்பா” என்றேன்.

“எபி அண்ணன் மாதிரி இருந்திருந்தா நான் இந்நேரம் மூணு பிள்ளைக்கு அப்பனுங்க சார்” என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. நான்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. திட்டவில்லை, அறிவுரை சொல்லவில்லை. எவ்வளவு பெருந்தன்மையான மனிதன் நான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமிதம்கூட இருந்தது. ஆனால் யோகராஜ் லீவு முடிந்து வந்ததும் நான் செய்த முதல் காரியம், அவரை முதல் கயிற்றிலிருந்து எடுத்து வாட்ச் ரூமில் போன் எடுக்க உட்கார வைத்தது. வீட்டில் நோயாளி இருக்கிறார், மனசு அலைபாயும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய். போன மாதம் பார்த்த அதே தோள், அதே கைதான். என் தலைக்குள் மட்டும் அவர் இளைத்துப் போயிருந்தார். நெருக்கடி என்று வந்தால் இந்த ஆள் உடைந்துவிடுவான் என்று எங்கிருந்தோ ஒரு எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு ஆதாரம் கேட்டிருந்தால் என்னிடம் ஒன்றுகூட இல்லை.

இரண்டு வாரம் பொறுத்துவிட்டு யோகராஜ் வந்து கேட்டார். “போன மாசம் தூக்கின எடைய இந்த மாசமும் தூக்குவேனுங்க சார்” என்றார். எல்லோரும் எல்லா வேலையும் பழக வேண்டும், அதற்காகத்தான் மாற்றிப் போட்டேன் என்று மழுப்பினேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சரிங்க சார் என்று போய்விட்டார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது.

அதற்கடுத்த வாரம், காலை பத்து மணி இருக்கும், கிளென்மார்கன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு போன ஜீப், ஈரத்தில் வழுக்கிச் சரிவில் இறங்கிவிட்டது. ஜீப்புக்குள் இருந்த ஒரு அம்மாவே தன் போனிலிருந்து கூப்பிட்டார். அவர் பெயர் பாக்கியம். யோகராஜ்தான் போனை எடுத்தார். நாங்கள் ஏழு பேர் வண்டியில் கிளம்பினோம். அவர் வாட்ச் ரூமிலேயே இருந்து, இணைப்பைத் துண்டிக்காமல் பேசிக்கொண்டே இருந்தார்.

நாங்கள் போய்ப் பார்த்தபோது ஜீப்பின் மூக்கு பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. முன்சக்கரம் இரண்டும் காற்றில் தொங்கின. கீழே நாற்பது அடியில் ஓடை. வண்டியின் அடிப்பாகம் வெட்டிப்போட்ட ஒரு சில்வர் ஓக் மரத்தின் அடிக்கட்டையில் மாட்டிக்கொண்டு, அதனால்தான் நின்றிருந்தது. டிரைவரின் கால் முன்னால் சிக்கியிருந்தது. பெண்கள் ஐவரும் பின்பக்கம். பின்கதவு எங்களைப் பார்த்தபடி, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதைத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் ஐந்து பேரையும் இழுத்து வெளியே போட்டுவிடலாம். குழந்தைகூட அப்படித்தான் நினைக்கும். நானும் நினைத்தேன். கதவை நோக்கி ஆளை அனுப்பக் கையைத் தூக்கிவிட்டேன்.

அப்போது வயர்லெஸ்ஸில் யோகராஜின் குரல் கேட்டது.

“கதவைத் திறக்காதீங்க சார். பின்னாடி உக்காந்திருக்கற அம்மாங்க கனத்துலதான் வண்டி நிக்குது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால ஒருத்தங்க எந்திரிச்சாங்களாம், உடனே வண்டி முன்னாடி சாஞ்சிருக்கு. உக்காரச் சொல்லி வெச்சிருக்கேன். மொதல்ல வண்டியக் கட்டுங்க.”

நான் அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். பயந்துட்டான் என்று நினைத்தேன். நான் நினைத்தது சரியாகப் போச்சு, இவன் தாங்க மாட்டான் என்று நினைத்தேன்.

சுற்றிலும் கூட்டம். தோட்டத்து ஆட்கள், உள்ளே இருந்த பெண்களின் புருஷன்மார்கள், சூப்பர்வைசர். மழை கொட்டுகிறது. உள்ளேயிருந்து அழுகைச் சத்தம். இவர்களை எதிரே வைத்துக்கொண்டு இன்னும் என்ன யோசனை என்று ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். கூட்டத்துக்குள்ளிருந்து இன்னொரு குரல் வந்தது. “ஆம்பளையா இருந்தா கதவத் திறந்து இழுங்கய்யா.”

தம்பிகளே, உங்களுக்கும் ஒருநாள் இதைக் கேட்க வேண்டி வரும். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் கால் தானாக முன்னே போகும். மூளை பின்னால்தான் வரும். என் கால் ஓரடி போயும் விட்டது.

என்னை நிறுத்தியது பெரிய ஞானம் ஒன்றும் கிடையாது. முந்தைய மழைக்காலத்தில் ஒரு லாரி இதே மாதிரி தொங்கியபோது இதே யோகராஜ், “மொதல்ல கட்டுங்க சார்” என்று சொன்னார். அன்றைக்கு அதை நான் புத்திசாலித்தனம் என்று எடுத்துக்கொண்டு அப்படியே செய்தேன். இன்றைக்கு அதே வாய், அதே வார்த்தை, எனக்குப் பயமாகக் கேட்கிறது. நடுவில் மாறியது ஒன்றே ஒன்றுதான், ஒரு லீவு லெட்டர். அந்த ஒரு நொடியில் என் முட்டாள்தனம் எனக்கே வெளிச்சமாகத் தெரிந்தது. இரண்டு கையையும் விரித்து ஆட்களை நிறுத்தினேன். இரும்புக் கயிற்றைக் கொண்டு வரச் சொன்னேன்.

கட்டி முடிக்கப் பதினைந்து நிமிடம் ஆனது. மேலே இருந்த இரண்டு பெரிய மரங்களில் சுற்றி, ஜீப்பின் பின்பக்கக் கொக்கியில் மாட்டினோம். அந்தப் பதினைந்து நிமிடமும் கூட்டம் எங்களைத் திட்டாத திட்டு இல்லை. பிறகு கதவைத் திறந்து முதல் பெண்ணை இறக்கினோம். இரண்டாவது பெண்ணின் கால் தரையைத் தொட்டபோது ஜீப் பெரிய முனகலோடு முன்னால் சாய்ந்தது. கயிறு விறைத்து நின்றது. மரப்பட்டை நசுங்கிச் சிதறியது. வண்டி அரையடி போய், அங்கேயே நின்றுவிட்டது.  என் சட்டையைப் பிடித்தவர் மெதுவாக வந்து கயிற்றைத் தானும் பிடித்துக்கொண்டார்.

பெண்கள் ஐவரும் வந்துவிட்டார்கள். டிரைவர் இன்னும் உள்ளே. தொங்கும் மூக்கின் பக்கவாட்டில் இறங்கி, அரைகுறை இடத்தில் ஒண்டி நின்றுதான் அவர் காலை விடுவிக்க முடியும். வயர்லெஸ்ஸை எடுத்தேன். எபியை போனில் உட்கார வைத்துவிட்டு நீ வா, உன்னை விட்டால் இதற்கு ஆள் இல்லை என்று யோகராஜிடம் சொன்னேன். எத்தனை பேர் காதில் விழுந்தாலும் பரவாயில்லை என்றுதான் சொன்னேன். “வரேனுங்க சார்” என்றார். 

இரண்டாவது வண்டியில் வந்து இறங்கினார். வந்ததும் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கீழே போனார். நான் மேலே மண்ணில் படுத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவருக்கு ஐம்பது வயது இருக்கும். வலியைவிடப் பயத்தில்தான் நடுங்கிக்கொண்டிருந்தார், காலை அசைக்கவே விடவில்லை. யோகராஜ் அவரிடம் சொன்னது மேலே இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“எனக்கும் பயமாத்தான் இருக்குங்கண்ணே. ரெண்டு பேரும் பயந்துக்கிட்டே வேலைய முடிச்சிரலாம்.”

அந்த மனுஷன் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார். காலைத் தளர்த்தினார். அரை மணி நேரத்தில் அவர் மேலே வந்துவிட்டார். கால் எலும்பு முறிந்திருந்தது, வேறு ஒன்றும் இல்லை.

இதற்குள் பாக்கியம் அம்மா ஆம்புலன்ஸில் ஏற மாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தார். போனில் தன்னோடு பேசிய தம்பியைப் பார்க்காமல் நகர மாட்டாராம். சேறும் சகதியுமாக மேலே வந்த யோகராஜைக் காட்டினோம். தலை முதல் கால் வரை பார்த்தார். எந்த ஊர், எந்தத் தோட்டம் என்று விசாரித்தார். இரண்டு குடும்பமும் இலங்கையிலிருந்து ஒரே கப்பலில் வந்திருக்கலாம் என்று கணக்குப் போட்டார். பிறகு, எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டார். தம்பிக்குக் கல்யாணம் ஆச்சா? தன் தங்கச்சிக்கு ஒரு மகள் இருக்கிறாள், தங்கள் லயத்து வீடுகளிலேயே நல்ல பிள்ளை என்றார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தோம்.

யோகராஜ் ஒரு நிமிடம் தரையைப் பார்த்தார். நிமிர்ந்து, “ஆள் இருக்காரும்மா, எமரால்டுல” என்றார்.

“இருக்காளா?”

“இருக்காரு.”

எங்கள் சிரிப்பு நின்றது.  பாக்கியம் அம்மா கண்ணைச் சுருக்கி அவரையே பார்த்தார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஜீப் தொங்கியபோதுகூட அப்படி அடிக்கவில்லை.

“சோறாக்கிப் போடுறாரா?” என்று கேட்டார்.

“அவர் ஆக்குவாரும்மா. நான் பாத்திரம் கழுவுறேன்.”

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டார். ஏறியவர் தலையை வெளியே நீட்டி, ஈரத் துணியோடு நிற்காதே என்று யோகராஜை அதட்டினார்.

 நிலையத்துக்கு வந்ததும் விஷயம் எபிக்குப் போய்ச் சேர்ந்தது. எபி போன் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, வரிசையாக எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்தார். அந்த மெல்லிய குரலில், “வருஷக் கணக்கா நீங்க எல்லாம் தப்பான ஆளைக் கிண்டல் பண்ணிட்டு இருந்திருக்கீங்க” என்றார். முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தோம். அன்றைய இறுக்கமெல்லாம் அந்தச் சிரிப்பில் போய்விட்டது. சிரித்து முடிப்பதற்குள் யோகராஜ் எபியின் எதிரே போய் நின்றார். தன்மேல் விழ வேண்டியதை எல்லாம் இத்தனை வருடம் எபி வாங்கிக்கொண்டிருந்தார், தெரிந்தும் தான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு மன்னிச்சுக்கங்க என்றார்.

எபி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “என்மேல விழுந்ததும் தப்பு, உம்மேல விழுந்திருந்தா அதுவும் தப்புத்தான்” என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார்.  அந்தப் பார்வையோடு ஏணிப் பக்கத்து வளையல் பேச்சு நம் நிலையத்தில் நின்றுபோனது. மறுநாள் காலை அணிவகுப்பில் எல்லோர் முன்னாலும் எபியிடம் மன்னிப்புக் கேட்டேன். யோகராஜை முதல் கயிற்றில் திரும்பப் போட்டேன். எல்லாம் ஒரே நாளில் சுமுகமாகிவிட்டது என்று கதை விட மாட்டேன். ஒருவர் இரண்டு மாதம் யோகராஜ் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. பிறகு ஒரு பள்ளத்தில் அவரும் யோகராஜும் ஒரே கயிற்றில் தொங்க வேண்டி வந்தது. அன்று மதியம் அவரே தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். யோகராஜ் பலசாலி, அதனால் அவரை மதியுங்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. நாளைக்கு உங்களோடு வேலைக்கு வருபவர் ஒல்லியாக இருக்கலாம், மெதுவாகப் பேசலாம், ஆண்களை நேசிப்பவராகவும் இருக்கலாம். கயிற்றில் பழகியிருந்தால் இறங்குவார், பழகாவிட்டால் இறங்க மாட்டார். உங்களுக்கும் எனக்கும் அதே விதிதான். ஒருவர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதை வைத்து அவர் கையின் பலத்தைக் கணக்குப் போடாதீர்கள். நான் போட்டேன். ஆறு பேர் உயிர் அந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டது.

மழை ஓய்ந்ததும் எமரால்டுக்கு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். என் மனைவி சரோஜாவும் வந்தாள். கிருபா ஒல்லியான ஆள், வாயை மூடவே மாட்டார். கேரட்டில் பொரியல், கேரட்டில் சாம்பார், கேரட்டில் அல்வா. தன் சொந்த ஆபரேஷன் தழும்பைக் கண்ணாடியில் பார்த்துத் தானே மயங்கி விழுந்ததை அவர் நடித்துக் காட்டியபோது சரோஜாவுக்குப் புரையேறிவிட்டது.

சாப்பாட்டுக்கு நடுவில் நான் யோகராஜிடம் உண்மையைச் சொன்னேன். வாட்ச் ரூமுக்கு மாற்றியது எதனால் என்று சொன்னேன். தெரியுமுங்க சார் என்றார், கோபமில்லாமல். பிறகு ரொம்ப நாளாக மனசில் இருந்ததைக் கேட்டேன். அன்றைக்கு அந்த டிரைவரிடம் பயமாக இருக்கிறது என்று சொன்னது, அவரைத் தேற்றுவதற்காகத்தானே?

“நெசந்தானுங்க சார். ஒவ்வொரு தடவை இறங்கறப்பவும் இருக்கும். உங்களுக்கு இருக்காதுங்களா?”

முப்பது வருடத்தில் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் அவமானம் என்றுதான் நினைத்திருப்பேன். இப்போது என் எதிரே, எனக்குத் தெரிந்த ஆண்களிலேயே தைரியமானவர், கேரட் அல்வாவைக் கையில் வைத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்கிறார். இருக்கும் என்றேன். மணி அடித்து வண்டி ஏறியதிலிருந்து வேலை முடிகிறவரை, ஒவ்வொரு தடவையும் கூடவே வரும் என்றேன். சொல்லி முடித்ததும் தோளிலிருந்து என்னவோ இறங்கின மாதிரி இருந்தது.

பக்கத்தில் சரோஜா சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். என்னையே பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது, முகத்தில் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

“இத்தன வருஷமா நான் மட்டுந்தான் பயந்துட்டு இருந்தேன்னு நெனச்சேன்” என்றாள்.